வயிற்றுக்குள் ஒரு கேமரா

—டாக்டரம்மா, படத்தைப் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். உள்ள எவ்வளவு பெரிய ஓட்டை தெரிஞ்சாலும் அதுக்கு என் வறுவல் பொறுப்பில்ல.

—சார், முதல்ல உக்காருங்க. அம்மா, நீங்களும் இப்படி அவர் பக்கத்துல வாங்க. திரை தெரியட்டும்.

—நான் இந்த ஓரத்துலயே இருக்கேன் டாக்டர். அவர் மேல எண்ணெய் வாசனை.

—கேட்டீங்களா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே பாட்டுதான். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், வீட்டுல எண்ணெய் போலீஸ். எங்க சமையலறையில ரெண்டு அடுப்பு டாக்டரம்மா. ஒண்ணுல நான் உருளைக்கிழங்கு வறுத்தா, நாலு தெரு தள்ளிப் போற பஸ்ஸு நின்னு மோந்து பார்த்துட்டுப் போகும். இன்னொண்ணுல டீச்சர் பீட்ரூட் வேக வைப்பாங்க. அந்த வாசனைக்கு எங்க வீட்டுப் பல்லியே மாற்றல் வாங்கிட்டுப் போயிடுச்சு.

—ரெண்டு அடுப்பு மட்டுமா? ரெண்டு சாப்பாட்டு மேஜை. அதையும் சொல்லுங்க.

—ஆமா, ரெண்டு மேஜை. டாக்டரம்மா, துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் நான். முழு வீட்டையே தூக்கி, உள்ள இருக்கிற ஆளு தூக்கம் கலையாம, கப்பல்ல இறக்கி வச்ச கை இது. பீட்ரூட் தின்னுட்டு அந்த வேலையைப் பார்க்க முடியுமா? என் நாக்கு இன்னைக்கு வரைக்கும் அதைத் தொட்டதில்ல. டீச்சர் தினம் ஒரு அண்டா வேக வைக்கிறாங்க. உடம்பைப் பாருங்க, குச்சி மாதிரி. அவ்வளவும் எங்க போகுதுன்னே தெரியல.

—என் பானையைப் பத்திப் பேச வேணாம். டாக்டர், ஒருநாள் காலையில குளியலறையில இருந்து முகமெல்லாம் வெளுத்துப் போய் வந்து நின்னார். ரத்தமாப் போகுதுன்னார். அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இவருக்கு மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரல் வச்சு வச்சுப் பார்க்கிறேன்.

—அதான் நான் தும்மிக்கிட்டே இருக்கேனா?

—சார், மேல்பக்கம் குழாய் விட்டுப் பார்த்தோம், கீழ்ப்பக்கமும் பார்த்தோம். ஒண்ணும் அகப்படல. உடம்புல ரத்தமும் குறையல. அப்படியும் சிவப்பாப் போகுதுன்னு நீங்க சொன்னதாலதான் நேத்து அந்த மாத்திரை கேமராவை முழுங்கச் சொன்னேன். நடுவுல இருக்கிற சிறுகுடலுக்குள்ள அதுதான் போகும். அது எடுத்த படத்தை நானும் இப்பத்தான் முதல்தடவையாப் பார்க்கப் போறேன்.

—டீச்சர், பந்தயம் ஞாபகம் இருக்குல்ல? வறுவலாலதான் ரத்தம்னா என் வாணலியை நானே கொண்டுபோய் குப்பை வண்டியில ஏத்துறேன். இல்லைன்னா, நீங்க உங்க தட்டைத் தூக்கிக்கிட்டு என் மேஜைக்கு வரணும்.

—எனக்குப் பந்தயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாப் போதும். அப்புறம் அந்த வாணலிக்குள்ளயே குடியிருங்க.

—விளக்கை அணைக்கிறேன். இது உங்க பல்லு. இது தொண்டை. இது இரைப்பை... இதோ, சிறுகுடலுக்குள்ள நுழையுது.

—இது... நானா?

—நீங்கதான் சார்.

—டீச்சர், பார்த்தீங்களா நிறத்தை? பொழுது விடியிறப்போ கிரேன் உச்சியில இருந்து பார்த்தா வானம் இப்படித்தான் இருக்கும். அது என்ன டாக்டரம்மா, அசையுது? புல்லு மாதிரி?

—குடல் சுவர்ல இருக்கிற சின்னச் சின்ன விரல்கள். சாப்பாட்டுல இருக்கிற சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புறது அதுதான்.

—கடலுக்கு அடியில பாசி ஆடுற மாதிரி இருக்கே. எத்தனை இருக்கும் டாக்டர்?

—லட்சக்கணக்குல. எல்லாத்தையும் இழுத்து விரிச்சா பாட்மிண்டன் மைதானத்துல பாதி வரும்னு ஒரு கணக்கு.

—பாதி மைதானமா? இந்தத் தொப்பைக்குள்ளயா? டீச்சர், இனிமே யாரும் என் தொப்பையைக் கிண்டல் பண்ணக் கூடாது. உள்ள ஆட்டம் நடக்குது.

—கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. எனக்குப் பார்க்கணும்.

—என்ன, நாற்காலியை இழுத்துக்கிட்டு வர்றீங்க? எண்ணெய் வாசனை?

—இருக்கட்டும். டாக்டர், இது எப்பவும் இப்படி ஆடிக்கிட்டே இருக்குமா? நாங்க சண்டை போடுறப்பவும்?

—தூங்குறப்பவும் ஆடும். அந்தச் சுவரோட மேல்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை உதிர்ந்து புதுசா முளைக்குது. இந்த வயசுலயும்.

—அப்போ போன வாரம் நான் திட்டின குடல் இது இல்லையா?

—இல்லம்மா. இது புதுசு.

—எவ்வளவு அழகா இருக்கு. இத்தனை வருஷமா இவருக்குள்ள ஒரு குப்பைத் தொட்டி இருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

—டாக்டரம்மா, எனக்கு வயசாயிடுச்சுன்னு ஒரு கடிகாரத்தைக் குடுத்து அனுப்பிட்டாங்க. இந்தக் குடல் இருக்கானே, இவனுக்கு யாரும் கடிகாரம் குடுக்கல பாருங்க. இருட்டுல, ஒத்தை ஆளா, ஒருநாள் லீவு கேக்காம... நான் எதை அள்ளிப் போட்டாலும் ஏன்டா இதுன்னு கேக்காம இறக்கி வச்சிருக்கான். எத்தனையோ கப்பல் பார்த்திருக்கேன். இப்படி ஒரு வேலைக்காரனைப் பார்த்ததே இல்ல.

—கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு.

—ஏசி காத்து.

—ஒரு நிமிஷம். படத்தை நிறுத்துறேன்.

—ஏன் நிறுத்துறீங்க?

—அந்த ஓரத்துல பாருங்க. சிவப்பா.

—ஐயோ.

—டீச்சர், கை. இப்படி இறுக்கிப் பிடிச்சா வலிக்குது.

—வலிக்கட்டும். டாக்டர், அதுதானா? அங்க இருந்துதான் ரத்தமா?

—பெரிசு பண்றேன், இருங்க. அடுத்த படம்... அதுக்கு அடுத்தது...

—டாக்டரம்மா, எதுவா இருந்தாலும் டீச்சரை வெளிய அனுப்பிட்டு எங்கிட்டச் சொல்லுங்க.

—நான் எங்கயும் போக மாட்டேன்.

—அது நகருது. சுவர்ல ஒட்டிக்கிட்டு இல்ல. சார், கேமரா முழுங்குறதுக்கு முன்னாடி கடைசியா என்ன சாப்பிட்டீங்க?

—முந்தாநாள் மத்தியானம் உருளைக்கிழங்கு வறுவல். ஒரு சின்ன மலை.

—அதுக்கப்புறம்?

—தண்ணி.

—இது ரத்தம் இல்ல சார். மெல்லாம அவசரமா முழுங்கின ஒரு துண்டு. பீட்ரூட்.

—வேற யாருக்கோ குடுத்த கேமராவா இருக்கும். சரியாக் கழுவியிருக்க மாட்டாங்க.

—ஒருத்தருக்கு ஒண்ணுதான் சார். உறையை உங்க கண்ணு முன்னாடிதான் பிரிச்சேன். பீட்ரூட் நிறைய சாப்பிட்டா சிலருக்கு மறுநாள் இப்படித்தான் சிவப்பாப் போகும். ரத்தம்னே தோணும். முதல் நாளே கேட்டேனே, பீட்ரூட் சாப்பிடுவீங்களான்னு?

—கேட்டீங்க. டீச்சர் பக்கத்துல இருந்தாங்க.

—அதுக்காக ரெண்டு பக்கமும் குழாய் விட்டப்போ கூடச் சொல்லலையா?

—காய்கறி இப்படி ஆளை மிரட்டும்னு யாருக்குத் தெரியும்? நிஜமாவே பயந்துட்டேன். வாணலியை யாருக்கு எழுதி வைக்கிறதுங்கிற வரைக்கும் யோசிச்சுட்டேன்.

—டாக்டர், அப்போ ரத்தம் இல்லையா? ஒண்ணுமே இல்லையா?

—மிச்சத்தையும் ஓட்டிப் பார்த்துடுறேன்மா... இங்க சுத்தம்... இங்கயும்... கடைசி வரைக்கும் ஒரு கீறல் கூட இல்ல.

—ஏங்க. அப்போ தினம் அந்த வறுவல்?

—வறுக்கிறேன். வாசனை உங்க மேஜைக்கு வரணுமே. அப்புறம் பொட்டலம் கட்டி வாசல் காவலாளிக்குக் குடுத்துடுறேன். அந்தாளு இப்பல்லாம் கேட்டுக்குள்ள பக்கவாட்டுலதான் நுழையுறாரு. வேலையை விட்டதுல இருந்தே எனக்கு எண்ணெய் ஒத்துக்கல டீச்சர். நீங்க குளிக்கப் போனதும் உங்க பானையில இருந்து நின்னுக்கிட்டே ரெண்டு வாய். முந்தாநாள் சாயந்தரமும்தான். நல்லாத்தான் இருக்கு சனியன்.

—ஏன் எங்கிட்டச் சொல்லல?

—சொன்னா நீ ஜெயிச்சுடுவ. சண்டை முடிஞ்சுடும். பிள்ளைங்களும் ஆளுக்கொரு ஊருக்குப் போயாச்சு. அப்புறம் அந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் என்னத்தைப் பேசுறது?

—அம்மா, இவர் பீட்ரூட்டைத் தொடவே மாட்டார்னு அன்னைக்கு நீங்களும்தானே அடிச்சுச் சொன்னீங்க?

—அது இவர் மானத்தைக் காப்பாத்தச் சொன்னது டாக்டர். பீட்ரூட் உடம்புக்கு நல்லதாச்சே, அதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு நினைச்சுட்டேன். இந்தக் குச்சி உடம்புக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய பானை? இவர் வேலையை விட்ட நாள்ல இருந்து நான் ரெண்டு பேருக்குத்தான் வேக வைக்கிறேன்.