கத்திக்கு விசில், கைகோத்ததற்குக் கட்டுப்பாடு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை ஹேமசபேசன் அவர்களே! சிதம்பரத்துச் சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தோடு வந்திருக்கும் அன்னையர்களே! கதவோரம் நிற்கும் கல்லூரித் தம்பிகளே! இந்தப் படத்தை எடுத்த சபேஷின் பணிவான வணக்கம்.

சத்தமாகப் பேசச் சொல்கிறார் ஒருவர். ஐயா, மைக் பண்ருட்டியிலிருந்து வாடகைக்கு வந்தது. அதட்டினால் கோபித்துக்கொள்ளும்.

கடலூரில் ரவுடிக் கூட்டமொன்றில் அரிவாள் தூக்கும் இரண்டு இளைஞர்களின் கதை இது. அவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். ஆம் அம்மா, சரியாகத்தான் கேட்டீர்கள். இரண்டு ஆண்கள்தான். அது குற்றமில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லி இரண்டாண்டு ஆகிறது.

நாயகனாக நடித்த பாண்டியன் கடலுக்குப் போகிற பிள்ளை. அவன் குப்பத்தில்தான் பாதிப் படத்தை எடுத்தோம். அதனால் முதல் காட்சி ஊருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். போன மாதம் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே திரை கட்டினோம். பாண்டியன் முதல் ஆளை வெட்டினான், விசில் பறந்தது. இரண்டாம் ஆளை வெட்டினான், துண்டு பறந்தது. மூன்றாம் ஆளை வெட்டியபோது பஞ்சாயத்துத் தலைவரே எழுந்து கைதட்டினார்! அடுத்த காட்சியில், செம்மங்குப்பம் ஆலை மதிலோரம், தன் காதலனின் கையைப் பிடித்தான். படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். பாண்டியன் ஊர்க்காலில் விழுந்து, அது வெறும் நடிப்பு, தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எந்தப் படகிலும் அவனுக்கு இடமில்லை, ஏலத்தில் அவன் தாய் ராணியம்மாளுக்கு மீன் இல்லை. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடு என்று தாய்மாமன் பச்சமுத்து கெஞ்சினார்.

“சொன்னா சேத்துக்குவாங்க மாமா. ஆனா அத தெனம் சொல்லிக்கிட்டே இருக்கணுமே” என்றான் பாண்டியன்.

அந்த ஊரில் பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை, ஓரமாக நின்று கேட்பார்கள். அன்று ராணியம்மாள் நடுவில் வந்து நின்றார்.

“எம்புள்ள மூணு பேர வெட்டுனான். அது நடிப்பா நெசமான்னு ஒருத்தரும் கேக்கல. ஒருத்தன் கையப் புடிச்சதுக்குக் கேக்குறீங்க. நெசந்தான். எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டான்.”

கத்தி எடுத்தவனைக் கொண்டாடிய கண்கள், கைகோத்தவனைக் கண்டதும் கலங்கியது ஏன்? குருதிக்குக் கூசாத நாம் அன்புக்குக் கூசுவது ஏன்? குப்பத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். இந்த மண்டபத்துக்காரரும் அந்த ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னார். கொலைகளைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

ஊர்க்கட்டுப்பாடு இன்னும் நீங்கவில்லை. பாண்டியன் பண்ருட்டியில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றுகிறான். ராணியம்மாள் திருப்பாதிரிப்புலியூரில் வெளி வியாபாரியிடம் மீன் வாங்கி விற்கிறார். இருவரும் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். ஊர் நிறுத்திய இடத்துக்கு மேல் தன் மகனின் படத்தை அந்தத் தாய் இன்னும் பார்க்கவில்லை. இன்று உங்களோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறார்.

அந்தக் காட்சி வரும்போது யாரும் எழுந்து போய்விடாதீர்கள். இந்தத் தடவையாவது அவர் முழுப்படத்தையும் பார்க்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். தம்பி, விளக்கை அணைக்கலாம்.