வானத்தைப் பார்த்துச் சுட்டவர்கள்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்களில் ஒருநாள், நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். பகலாட்டத்தில் ஒரு யுத்தப் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். மூத்தவர் மப்டியில் இருந்த போலீஸ்காரர், இளையவர் அவருடைய மச்சினன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“சுடமாட்டேன்னு துப்பாக்கிய கீழ போட்டானே ஒரு பட்டாளக்காரன், அவனாக்கும் அத்தான் மனுசன்.”

“பக்கத்துல நின்னு சுட்டவன் மனுசன் இல்லியா?”

“அவன் கையில ஒண்ணும் இல்லாத ஊர்க்காரங்களையில்லா சுட்டான்.”

“மேலதிகாரி சொன்னான், சுட்டான். சுடலேன்னா அவனுக்க பிள்ளையளுக்கு யாரு சோறு போடுவா?”

 மச்சினன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணைக்குப் போராட்ட ஊர்வலத்துல போலீசு சுட்டப்போ, நீங்க?”

“நான் வானத்தப் பாத்துதான் சுட்டேன் மக்கா. ஒனக்க அக்காகிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

“ஒங்க கூட நின்ன நாலு பேரும் அதத்தான் சொல்லுதாங்க. பின்ன ஊர்வலத்துல வந்த அந்தக் கொத்தனார் எப்பிடி குண்டு பட்டு செத்தாரு? அவரு வானத்துலயா நின்னாரு?”

அமரவிளையில் பஸ் நின்று புறப்பட்டது. போலீஸ்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“மேல தூக்கிச் சுடணும்னுதான் நினைச்சேன். தூக்கினேனான்னு எனக்கே தெரியல்ல. சுடும்போ நான் கண்ண மூடிட்டேன் மக்கா.”