நல்ல நாள் பொத்தான்

செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டில் நகம்கூட வெட்டமாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், மேடம். விசாரணை அதிகாரி என்றாலும் நீங்களும் ஒரு வீட்டில் விளக்கேற்றுகிறவர்தானே. அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் மோகனப்ரியா. நர்ஸிங் படித்தவள். இலுப்பூரில் பிறந்து இலுப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருடமாக ‘நிறைமடி’ செயலியில் வேலை. கர்ப்பிணிகளுக்கான செயலி அது. வீட்டிலேயே பிரஷர் பார்க்க ஒரு சின்ன மெஷின் கொடுப்போம். அளவு தானாகப் போனுக்கு வந்துவிடும். உடம்புக்கு என்ன செய்கிறது என்று அந்தப் பெண் வாயால் சொன்னால் போதும். செயற்கை நுண்ணறிவு இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும். சிவப்பு என்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லும். அதுவும் சிவப்பானால் அவளுக்கும், வீட்டாருக்கும், கிராமச் செவிலியருக்கும் அழைப்பு போகும். அழைத்துப் பேசுகிற குரல் என்னுடையது. என்னை நான்கு மணி நேரம் பேசவைத்துப் பதிவுசெய்து, கணினியே என் குரலில் பேசும்படி செய்திருந்தார்கள்.

செயலியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜனங்கள் அதைப் போனிலிருந்து அழித்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று வீடு வீடாகக் கேட்டுவர முதலாளி ஜெரால்டு என்னைத்தான் அனுப்பினார். கொடும்பாளூரில் அழகி என்ற பெண் நிறைமாத வயிற்றோடு வாசலுக்கு வந்து சொன்னாள்.

“வெள்ளிக்கெழம வெளக்கு வச்சுக்கிட்டு இருக்கேங்க. ‘ஆபத்து, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க’ன்னு அது பாட்டுக்குப் பேசுது. எங்க மாமியா போனப் பிடுங்கித் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டாக. நல்ல வார்த்த பேசத் தெரியாத சனியன எதுக்கு வீட்டுல வச்சிருக்கன்னு கேக்குறாக.”

அந்த மாமியாரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நல்ல நாளில் கெட்ட சொல் சொன்னால் அது பலித்துவிடும் என்று நானும் கேட்டு வளர்ந்தவள்தான். நாற்பது வீடு ஏறினேன். இருபத்தாறு வீட்டில் இதே கதை.

நல்ல நாள் பொத்தான் என் யோசனை. செவ்வாய், வெள்ளியில் செயலி தானாகவே வாயை அடக்கிக்கொள்ளும். வீட்டில் விசேஷம் என்றால் அன்றைக்கு மட்டும் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். சிவப்பே வந்தாலும் அந்தப் பெண்ணிடம் மென்மையாக நாலு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும், வீட்டாரையோ செவிலியரையோ அழைக்காது. பயனாளிக்கு எது வேண்டுமோ அதைக் கொடுப்பதுதான் நம் தொழில் என்று ஜெரால்டு கை தட்டினார். எங்களுக்கு ஆலோசனை சொல்லும் டாக்டர் ராஜலட்சுமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“செவப்புக்கு நாள் கெழம கெடையாதும்மா,” என்றார்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். நல்ல நாளில் வருகிற சிவப்பு, படித்த நர்ஸ் ஒருத்தியின் போனுக்குப் போக வேண்டும். அவள் உடனே பார்த்து, வீட்டாரிடம் பக்குவமாகப் பேசி, ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டும். அந்த நர்ஸ் நான். பொத்தான் வந்த பிறகு ஆறு மாதத்தில் முப்பத்தொரு சிவப்பு என் போனுக்கு வந்தது. முப்பத்தொரு பேரையும் பத்து நிமிடத்துக்குள் அழைத்தேன். “கோயிலுக்குப் போற மாதிரிக் கெளம்பி வாங்க, ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்” என்பேன். எல்லோரும் போனார்கள். எல்லோரும் இன்று பிள்ளையும் கையுமாக இருக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டாவது, திலகவதி.

என் தம்பி ரகுநாத்தின் மனைவி. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். திலகவதி எங்கள் அம்மாவோடு இலுப்பூரில் இருந்தாள். வாயாடி. பிரஷர் மெஷினுக்குப் பேர் வைத்து அதோடு சண்டை போடுவாள். நிறைமடியில் என் குரலைக் கேட்டால் பயமே இல்லை என்பாள். “நேர்ல நீங்க பேசுறதவிட அதுல பேசுறது நல்லாருக்கு மதினி, அதுல வெடுக்குன்னு பேச மாட்டேங்கிறீக” என்று என்னைக் கேலி செய்வாள். அவள்மேல் எனக்குப் பிரியம் இருந்தது. இன்றும் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எங்கள் பக்கத்தில் வளைகாப்பில் முதல் வளையல் போடுவது நாத்தனாரின் உரிமை. ஆனால் அவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். சித்தப்பா மகன் வீட்டு வளைகாப்பில் நான் தட்டோடு எழுந்தபோது, “நீ சாப்பாட்டுப் பக்கம் பாரும்மா” என்று என்னைத் தன்மையாக அனுப்பிவைத்தார்கள். அன்று இருநூறு பேருக்கு நான்தான் புளிசாதம் பரிமாறினேன். அதற்கடுத்த வீட்டு வளைகாப்பில் நானாகவே சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டேன்.

திலகவதி ஒரே பிடியாக நின்றாள். “மொத வளையல் எங்க மதினிதான் போடணும். இல்லாட்டி எனக்கு வளைகாப்பே வேண்டாம்” என்று என் அம்மாவிடமும் அவளுடைய அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். திருவரங்குளத்துச் சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குப் பச்சைப் பட்டு எடுத்தது திலகவதிதான்.

ஒன்பதாம் மாதம், புதன்கிழமை. பத்தரைக்கு முகூர்த்தம். எங்கள் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் நேரலை போடுவதாகவும் ஏற்பாடு. செயலியில் வேலை பார்க்கிறவர் வீட்டு வளைகாப்பு என்றால் ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம் என்று ஜெரால்டு சொல்லியிருந்தார். பல்லாயிரம் பேர் பார்ப்பார்கள். அன்று நல்ல நாள் பொத்தானும் அழுத்தப்பட்டிருந்தது. வீட்டில் விசேஷம் என்றால் அழுத்தாமல் இருப்பார்களா.

காலை ஏழு பத்துக்கு முதல் அளவு. நூற்று அறுபத்துநாலுக்கு நூற்றுப் பன்னிரண்டு. ஏழு இருபதுக்கு இரண்டாவது. அதைவிடக் கூடுதல். கூடவே அவள் குரல். “தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு.” இதற்கு அர்த்தம் என்ன என்று நர்ஸிங் இரண்டாம் வருடப் பிள்ளைகூடச் சொல்லும். வலிப்பு வரலாம். தாயும் பிள்ளையும் போகலாம். நான் அப்போது தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டேன். பத்தரைக்கு வளையல், பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்குக் காரில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்விடலாம். ஐந்து மணி நேரம் தாங்குகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தாங்காதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எதிரில் போன் திரையில் ரகுநாத். கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டுக் கையைப் பிடித்தேன். எட்டாம் மாதம் அளவெடுத்து வாங்கிய வளையல் கைக்கு ஏறவில்லை. அதைவிடப் பெரிய அளவும் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். விரல்கள் பன் மாதிரி உப்பியிருந்தன. அழுத்திய இடத்தில் என் கட்டைவிரல் குழி அப்படியே நின்றது.

“தல இன்னும் வலிக்குதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வலிக்குது மதினி. காலைல ஆப்புல சொன்னேன். நீங்கதானே கொஞ்சம் கண்ண மூடிப் படுத்தாச் சரியாப் போயிரும்னு சொன்னீக.”

“ஆமா, சரியாப் போயிரும்,” என்றேன்.

வளையல் ஏறியது. ஒன்று மட்டும் உடைந்தது. கண்திருஷ்டி கழிந்தது என்று அம்மா சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அத்தனை பேர் என் கையைப் பார்த்தார்கள், மேடம். நான் அழுதுவிட்டேன். அந்த வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே ஒரு பெண் கருத்துப் போட்டிருந்தாள். “கை ரொம்ப வீங்கியிருக்கு, பிரஷர் பாருங்க, ஆபத்து.” எங்கள் நிறுவனப் பக்கத்தில் கெட்ட வார்த்தைகளையும் அமங்கலச் சொற்களையும் தானாக மறைக்கிற ஏற்பாடு உண்டு. ‘ஆபத்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் இயந்திரம் அதை மறைத்துவிட்டு, காட்டலாமா என்று என்னைக் கேட்டது. வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு நான் அவளைக் காரில் ஏற்றவில்லை. அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். வளையல் போட்ட கையோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும். மலடி தொட்டாள், அன்றைக்கே படுத்தாள் என்று சொல்லும். என் காலம் உள்ளவரை சொல்லும். ஒரு நாள் கழியட்டும், வியாழக்கிழமை காலையில் நானே கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு மணிக்கொருமுறை என் போனில் வந்து நினைவூட்டியது. ஒவ்வொரு முறையும் ‘பார்த்துவிட்டேன்’ என்று அழுத்தினேன். பார்த்துவிட்டேன் என்பது பொய் இல்லையே.

இரண்டு மணிக்கு முறைப்படி அவளைத் திருவரங்குளத்துக்குத் தாய்வீட்டார் கூட்டிப்போனார்கள். ஐந்தரைக்கு, அவளுடைய அம்மா தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. புதுக்கோட்டையில் வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையைக் காப்பாற்றினார்கள். திலகவதி கண் விழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டாள். வளையல்களைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள். அவற்றை என்னிடம்தான் கொடுத்தார்கள். அவளைப்போல் என்னை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. இனியும் கூப்பிடப்போவதில்லை.

பொத்தானை அழுத்தியது வீட்டார்தான் என்று உங்களுக்கு முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மா என்றும், திலகவதியாக இருக்கலாம் என்றும் சொன்னேன். இருவருக்கும் அப்படி ஒரு பொத்தான் இருப்பதே தெரியாது. ஏழு பத்துக்கு வந்த முதல் சிவப்பை என் போனில் அலுவலகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஏழு பதினாலுக்கு அந்தக் கணக்கிலிருந்தே பொத்தானை நான்தான் அழுத்தினேன். இரண்டாவது அளவுக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அழுத்தாமல் விட்டிருந்தால் ஏழு இருபதுக்கு என் குரலே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கும். தெரிந்துதான் செய்தேன். இதில் ஜெரால்டுக்கோ இயந்திரத்துக்கோ பங்கில்லை.

என் கையால்தான் இப்படி ஆனது என்று ஊரில் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை, மேடம். விதி என்கிறார்கள். சம்பந்தியம்மா என் தோளில் சாய்ந்து, “நீ போட்ட வளையலோட மகராசியாப் போயிட்டா” என்று அழுதார். முப்பதாம் நாள் கும்பிட்டாயிற்று. குழந்தை இப்போது இரண்டேகால் கிலோ. ரகுநாத் மஸ்கட்டுக்குத் திரும்பும்முன் அவளை என்னிடம்தான் விட்டுப்போகிறான். ராத்திரியில் அவள் என் குரலுக்கு மட்டும்தான் அழுகையை நிறுத்துகிறாள். அவளுக்காகத்தான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்கிற ஒருத்தி கையில் அவள் வளரக் கூடாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பெயர் வைக்கிறோம், அத்தைதான் முதலில் காதில் சொல்ல வேண்டும், அதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்தானே.