டிங்கி வந்து போனவள்

சிரம்பானிலிருந்து புக்கிட் பெலண்டோக் போகும் பஸ்ஸில் போன வாரம் கேட்டது. எனக்கும் இரண்டு பெண்கள். மனம் இன்னும் ஆறவில்லை. முன் இருக்கையில் எல்லாரும் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியும், அவளுடைய பழைய எஸ்டேட் பக்கத்து வீட்டுக்காரியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செண்டாயான்ல தங்கச்சி வீடே டிங்கிக் காய்ச்சல்ல படுத்துருக்கு மிஸ்ஸி. பார்த்துக்க பத்து நாளைக்கு முன்னாடியே என் சின்ன மகள அனுப்பிட்டேன்."

"ஏங்க்கா, பெரியவ இல்லையா?"

"பெரியவளுக்கு வந்துடும்லா. சின்னவளுக்குப் போன வருஷமே வந்து போயிடுச்சு. அம்மை மாதிரிதானே, இனி வராது."

"இது அம்மை இல்லக்கா. டிங்கில நாலு வகை இருக்கு, பரவுற வகை மாறிக்கிட்டே இருக்கும். இப்ப அங்க பரவுறது வேற வகை. ரெண்டாவது தடவை வேற வகை வந்தாத்தான் ஆபத்து அதிகம்."

அந்தம்மா சின்ன மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ரெண்டு மூணு நாளா காய்ச்சல்மா. நீ திட்டுவேன்னு சொல்லல. இன்னிக்கு விட்டுடுச்சு. வயிறுதான் ரொம்ப வலிக்குது."

"அப்பாடா!" என்றாள் தாய்.

மிஸ்ஸி போனைப் பிடுங்கினாள். "காய்ச்சல் விட்டதும்தான்மா பயமே. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. நாங்க வர்றோம்." பஸ் மணியை விடாமல் அழுத்தினாள்.

இறங்கும்போது அந்தம்மா கேட்டாள்: "அப்ப நான் பெரியவள அனுப்பியிருக்கணுமா மிஸ்ஸி?"