உட்கார்ந்தே இறங்கிய மலை

திருப்பதியிலிருந்து திருத்தணி வந்த பேருந்தில், நகரியில் மூன்று பெண்கள் ஏறினார்கள். மலையேறிவிட்டு வருகிறார்கள் என்பது உடையெல்லாம் அப்பியிருந்த செம்மண்ணிலேயே தெரிந்தது. இடம் காலியாக இருந்தும் மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உக்காரும்மா" என்றார் நடத்துநர், குள்ளமாக இருந்த பெண்ணிடம்.

"முடியாதுண்ணா. உக்காந்துகினேதான் மலை இறங்கி வந்தேன்."

என் பக்கத்திலிருந்தவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இவ மலைக்கு வர்றது இதான் மொத தடவ" என்றாள் உயரமானவள். "ஏறும்போது எங்களுக்கு முன்னாடி ஓடினா. உச்சியிலருந்து கீழ பாத்ததும் காலு நடுங்கிப்போச்சு. எழுந்து நிக்கவே மாட்டேன்னுட்டா."

"பாறை எப்படி வழுக்குது! செத்தேன்னே நெனச்சேன்" என்றாள் குள்ளமானவள்.

"சரி, நீங்க ரெண்டு பேரும் ஏன் நிக்கிறீங்க?" என்றார் நடத்துநர்.

"தனியா சறுக்க மாட்டேன்னு அழுதாண்ணா. முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தின்னு நாங்களும் உக்காந்துகினே வந்தோம்" என்றாள் மூன்றாமவள்.

நடத்துநர் சிரித்துவிட்டார். "விட்டுட்டு வந்திருந்தா தானா எழுந்து வந்திருக்கும்."

"நான் மொத தடவ மலைக்குப் போனப்ப என்னையும் அப்படித்தான் விட்டுட்டுப் போனாங்க" என்றாள் உயரமானவள்.

"அப்புறம்? எழுந்து வந்தியா?"

"ஆங், வந்தேன். வந்து ஃப்ரெண்ட்ஸ மாத்திட்டேன்."