ஜன்னலோர ஆட்சி

அல்வாலிலிருந்து பட்டான்செரு போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள்; ஜன்னலோரம் எப்போதும் மூத்தவள்தான். மாலைக் கல்லூரியில் அரசியல் படிக்கும் இளையவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்:

“மக்கள் சம்மதிச்சாத்தான் ஆட்சின்னு முந்நூறு வருஷம் முன்னாடியே ஐரோப்பாவுல எழுதிட்டாங்கக்கா. உங்க ஜன்னல் சீட்டுக்கு யார் சம்மதிச்சா?”

“இத்தனை வருஷமா யாரும் நக்கோ, வேண்டாம்னு சொல்லலையே.”

“நான் சொல்றேன். நக்கோ.”

மூத்தவள் சிரித்துக்கொண்டே இடம் மாறினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

“படுதாவை இறக்கிப் பிடிச்சுக்கோ. கொக்கி உடைஞ்சிருக்கு, கையை எடுத்தா பின்சீட்டு வரைக்கும் நனையும். மழைன்னா நான்தான் பிடிச்சுக்கிட்டு வருவேன்.”

இளையவள் இரண்டு கையாலும் பிடித்தாள். முழங்கை வரை நனைந்தது.

“நாளைக்கே எலக்‌ஷன் வச்சுடலாமாக்கா?”

“தாராளமா வை. நான் நிக்கலை,” என்றாள் மூத்தவள், கண்ணை மூடிக்கொண்டே.