காகிதப்பூவுக்குத் தண்ணீர்

காகிதப்பூ வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்றுதான், மேடம். பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். செடி தளதளவென்று வளரும், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், ஒரு பூ இருக்காது. பிறகு என் நர்சரிக்கு வந்து, நல்ல செடியாகக் கொடுக்கவில்லை என்று என் தலையை உருட்டுவார்கள்.

செடியில் குறை இல்லை. சின்னத் தொட்டியில் வேர் நெருங்கி இருக்க வேண்டும். நல்ல வெயில் வேண்டும். இலை துவண்டு தொங்கும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. துவண்டதும் ஓடிப்போய் ஊற்றிவிடவும் கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்போதுதான் உயிர்ப்பயத்தில் கிளை கொள்ளாமல் பூக்கும்.

என் தங்கைக்கு இது பிடிக்காது. துவண்ட செடியைக் கண்டால் எனக்குத் தெரியாமல் பூவாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "பாவம்க்கா, வாயிருந்தா கேக்கும்ல" என்பாள். அதற்காக அவளை நான் திட்டியதில்லை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தலை வாரிவிட்டதிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்ததுவரை அவளுக்கு எல்லாம் நான்தான்.

வலிப்பு மாத்திரை. சின்ன வயதிலிருந்தே போடுகிறாள். தவறாமல் போட்டால் அவளுக்கு ஒன்றுமே இருக்காது. வேலைக்குப் போவாள், சினேகிதிகளோடு சுற்றுவாள், வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாக இருப்பாள். நான் பேசுவதுகூடக் காதில் விழாது. ஒருமுறை மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். அது உண்மையிலேயே மறதிதான். விழுந்துவிட்டாள். தெளிந்ததும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னக்கா ஆவேன்" என்று அழுதாள். அன்று முழுக்க என் கையை விடவில்லை. நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு, என்னை மறக்கத் தொடங்குகிறாள் என்று தோன்றும்போதெல்லாம் அவள் மாத்திரை டப்பாவில் வலிப்பு மாத்திரைக்குப் பதில் சத்து மாத்திரையைப் போட்டு வைப்பேன். பார்க்க அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். அடிக்கடி இல்லை. செடியையும் ஓயாமல் வாட்டினால் தாங்காது. அளவு எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எங்களிடம் செடி ஏற்ற வருகிற வேன் டிரைவர் அவள் மனதில் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாகி, வேறு ஊரில் வீடும் பார்த்துவிட்டார்கள். "இனிமே மாத்திரையெல்லாம் அவரே பாத்துக் குடுத்துருவாரு. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லக்கா" என்றாள் தங்கை. என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள். சிரித்து வைத்தேன்.

வேரைத் தொட்டால் காகிதப்பூ பிழைப்பது கஷ்டம், மேடம். தொட்டி மாற்றும்போதுதான் பாதிச் செடி போகும். டிரைவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். வியாபாரம் பேசுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அதனால் இந்த முறை சத்து மாத்திரையைக் கொஞ்ச நாள் நீட்டிக் கொடுத்தேன். ஆனால் அவள் துவளவே இல்லை. பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி அடுக்கினாள். செடி என்றால் இலை முதலில் சொல்லிவிடும். இவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் என் கணக்குத் தப்பிவிட்டது.

கிளம்புகிற அன்று காலை, வாடின செடிகளுக்குக் கடைசியாக ஒருதரம் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று பூவாளியோடு பின்பக்கம் போனாள். அங்கே இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பூவாளியை முக்கக் குனிந்தபோது வலிப்பு வந்துவிட்டது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நான் பக்கத்திலேயே, கொட்டகை வாசலில் நின்றிருந்தேன்.

பார்க்கவில்லை என்று டிரைவரிடம் சொன்னது பொய். பார்த்தேன். ஓடக் கூடாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று நின்றேன். தண்ணீருக்குள் இருக்கிறவளால் கூப்பிட முடியாது என்பது தெரியாதவள் இல்லை நான். இருந்தாலும், "அக்கா" என்று ஒருதரம் காதில் விழுந்த பிறகு போகலாம் என்றிருந்தது. அவள் கையிலிருந்த பூவாளி தொட்டிச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. அப்புறம்தான் போய்த் தூக்கினேன். என் மடியில்தான் போட்டுக்கொண்டேன். வண்டி வரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

டிரைவர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்த டப்பாவில் இருப்பது சத்து மாத்திரைதான். சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒரே ஒரு உதவி வேண்டும். டிரைவர்தான் இப்போது நர்சரிக்கு வந்து செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் போகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மேடம். துவண்டால் துவளட்டும். அதுகளுக்கு என்னைத் தெரியும். நான் வரும்வரை காத்திருக்கும்.